மணாலி–லே சாலையில் சைக்கிள்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

மணாலியிலிருந்து லே வரைக்கும், அங்கிருந்து கர்துங் லா (லா என்றால் கணவாய்) உச்சிக்கும் வழிகாட்டிக் குழுவோடு சைக்கிளில் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்துப் பன்னிரண்டு நாள் பயணம். பின்னால் சப்போர்ட் வண்டி வரும். கூடாரம், சாப்பாடு, தண்ணீர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மிதிப்பது மட்டும்தான் நம் வேலை என்று தோன்றும். ஆனால் உங்கள் உடம்பில் ஒன்று சரியில்லை என்றால் அது முதலில் தெரிவது உங்களுக்குத்தான். செயினில் சத்தம் மாறினாலும் அதை முதலில் கேட்பது நீங்கள்தான். கேட்டதை வைத்து என்ன முடிவுக்கு வருவது, எப்போது வழிகாட்டியிடம் சொல்வது, எப்போது வண்டியில் ஏறிவிடுவது என்று தெரிந்திருந்தால் பாதிப் பயணம் பத்திரம்.

முதலில் பாதையை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மணாலி சுமார் 2,050 மீட்டர். ரோதாங் 3,978. அங்கிருந்து இறங்கி சிஸ்ஸு, கேலாங், ஜிஸ்பா என்று 3,100, 3,200 மீட்டரில் சில இரவுகள். தார்ச்சா தாண்டி ஜிங்ஜிங்பார், சுமார் 4,270. அடுத்து பாராலாச்சா லா, ஏறத்தாழ 4,900. மறுபக்கம் சர்ச்சு 4,290. பிறகு கட்டா வளைவுகள் 21, நக்கீ லா, 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா. இறங்கினால் பாங், 4,600. மோரே சமவெளி 40 கிலோமீட்டர். தக்லங் லா 5,328. அதன்பின் ரும்ட்சே, உப்ஷி வழியாக 3,500 மீட்டரில் லே. கடைசி நாள் கர்துங் லா. அங்கே நிற்கும் பழைய பலகை 18,380 அடி என்று சொன்னாலும் உண்மை உயரம் 5,359 மீட்டர்தான்.

உயரத்தில் காற்று மெலிவதால் வருவது மலைநோய். அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவது. ஜிங்ஜிங்பாரிலிருந்து ஜிஸ்பாவுக்கு வண்டியில் இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம், வழி முழுக்கச் சரிவு. சர்ச்சுவுக்குப் போய்விட்டால் அப்படி முடியாது. அங்கிருந்து திரும்ப வேண்டுமானால் முதலில் பாராலாச்சாவை மறுபடி ஏற வேண்டும். பாங்கில் இன்னும் மோசம்: ஒரு பக்கம் லாச்சுலுங், மறுபக்கம் தக்லங், இரண்டுமே 5,000-க்கு மேல். நோயாளியை இறக்குவதற்காக முதலில் ஏற்ற வேண்டிய இடங்கள் இவை. ஆகவே உடம்பைப் பற்றிய சந்தேகம் எதுவானாலும் அதை ஜிங்ஜிங்பாரிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். பாராலாச்சாவுக்கு அந்தப் பக்கம் போய் யோசிக்கலாம் என்று விடக் கூடாது. இந்தக் குறிப்பிலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் அது இதுவாக இருக்கட்டும்.

கூடவே ஒரு விதி. 3,000 மீட்டருக்கு மேல் உடம்பில் எது வந்தாலும், வேறு காரணம் உறுதியாகத் தெரியும் வரை உயரம்தான் காரணம்.

தலை வலிக்கிறது

இந்தச் சாலையில் அதிகம் கேட்கும் புகார் இதுதான், அதிகம் அலட்சியம் செய்யப்படுவதும் இதுதான். தலைவலிக்கு இங்கே காரணங்கள் பல: தண்ணீர் குறைந்தது, வெயில், ஹெல்மெட் இறுக்கம், காலைக் காபி கிடைக்காதது, சாப்பிடாமல் மிதித்தது, உயரம். எல்லாம் ஒரே மாதிரிதான் வலிக்கும்.

பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. மிதிப்பதை நிறுத்துங்கள். ஓ.ஆர்.எஸ். கலந்த தண்ணீர் ஒரு லிட்டரை மெதுவாகக் குடியுங்கள். ஏதாவது சாப்பிடுங்கள். ஒரு பாரசிட்டமால் போடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் நிழலில் இருங்கள். வலி முழுதாகப் போய்விட்டால் பெரும்பாலும் தண்ணீர்க் குறைவுதான். போகவில்லை என்றால், அல்லது வலியோடு குமட்டல், தலைசுற்றல், சாப்பாட்டில் வெறுப்பு, வழக்கத்துக்கு மீறிய சோர்வு இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்திருந்தால் அதை மலைநோயின் தொடக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அன்று இரவு அதே உயரத்தில் தங்க வேண்டும், மேலே போகக் கூடாது. காலையில் குணமாகிவிட்டால் தொடரலாம். கூடியிருந்தால் இறங்க வேண்டும். இதில் பேரம் பேசுவதற்கு எதுவும் இல்லை. "குழு காத்திருக்காதே" என்ற கூச்சத்தில்தான் பலர் வாயைத் திறப்பதில்லை. நல்ல குழு காத்திருக்கும், அல்லது உங்களை வண்டியில் வைத்துப் பார்த்துக்கொள்ளும். காத்திருக்காத குழு என்றால் அதோடு பாராலாச்சாவைத் தாண்டவே கூடாது.

பயணத் திட்டத்திலும் ஒரு சோதனை செய்யுங்கள், அதுவும் பணம் கட்டுவதற்கு முன்பே. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஓய்வு நாள் வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட அளவு. ஜிஸ்பாவிலிருந்து ஜிங்ஜிங்பாருக்கு ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் கூடுகிறது. ஆகவே ஜிஸ்பாவில் இரண்டு இரவு, நடுவே பட்சியோ பக்கம் ஒரு இரவு என்று வைத்திருக்கும் குழுவே மேல். எட்டே நாளில் லே என்று பெருமையாக விளம்பரம் செய்பவர்கள் உங்கள் உடம்பை வைத்து நாளைக் குறைக்கிறார்கள்.

மலைநோய்த் தடுப்பு மாத்திரை அசெட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ் என்று கேட்டால் தெரியும். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். அதைப் போட்டால் விரல் நுனியிலும் உதட்டிலும் ஊசி குத்துவது போல் இருக்கும், சிறுநீர் அடிக்கடி வரும், சோடா சப்பென்று இருக்கும். மருந்தின் இயல்பு அது, பயப்பட வேண்டாம்.

இரவில் மூச்சு நின்று நின்று வருகிறது

நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். திடீரென்று மூச்சுக்குத் திணறி எழுந்து உட்காருவீர்கள். அல்லது பக்கத்தில் படுத்திருப்பவர் நாலைந்து முறை வேகமாக மூச்சு வாங்கிவிட்டு, பத்து நொடி மூச்சே விடாமல் கிடந்து, மறுபடி ஆரம்பிப்பார். பார்க்கவே பதறும். உயரத்தில் இது பலருக்கும் வருவதுதான். ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் மூளை மூச்சை நிறுத்துகிறது. ஆக்சிஜன் குறைந்ததும் மறுபடி மூச்சை முடுக்குகிறது. இது மட்டும் தனியாக இருந்தால் ஆபத்தில்லை. எழுந்து உட்கார்ந்ததும் மூச்சு சீராகிவிடும்.

தூக்க மாத்திரை வேண்டாம், மது அறவே வேண்டாம். இரண்டும் மூச்சை இன்னும் அடக்கும்.

எழுந்து உட்கார்ந்தும் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தால் விஷயம் வேறு. அடுத்ததைப் படியுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குகிறது, இருமல் வேறு

கட்டா வளைவுகளில் மிதிக்கும்போது மூச்சு வாங்குவது இயல்பு. நின்று ஐந்து நிமிடத்தில் அது அடங்க வேண்டும். அடங்கவில்லை, படுத்தால் இன்னும் மோசமாகிறது, நேற்று சாதாரணமாக நடந்த தூரம் இன்று முடியவில்லை, நெஞ்சில் இறுக்கம், உதடும் நகமும் நீலம் பாய்கிறது என்றால் நுரையீரலில் நீர் சேர்கிறது. சளியில் இளஞ்சிவப்பு நுரை வரும் வரை காத்திருக்காதீர்கள், அது கடைசிக் கட்டம்.

வறட்டு இருமல் மட்டும் என்றால் குளிர்ந்த வறண்ட காற்றும் லாரிப் புழுதியும் காரணமாக இருக்கலாம். துணியால் வாயையும் மூக்கையும் மூடி மிதித்தாலே தணியும். இரண்டையும் பிரிக்கும் கேள்வி ஒன்றுதான்: உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்குகிறதா? ஆம் என்றால் சைக்கிள் வண்டியின் மேலே, நீங்கள் வண்டிக்குள்ளே. ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தபடியே, உடம்பை அலட்டாமல், சூடாகப் போர்த்தி, உட்கார்ந்த நிலையில் கீழே கொண்டுபோக வேண்டும். இரவானாலும் கிளம்ப வேண்டும். ஜிங்ஜிங்பார், சர்ச்சு என்றால் ஜிஸ்பா, கேலாங் பக்கம். பாங் தாண்டிவிட்டால் தக்லங் லா வழியாக உப்ஷி, லே பக்கம். பாங்கில் ராணுவ முகாம் இருக்கிறது, தயங்காமல் உதவி கேளுங்கள்.

கடைகளில் விற்கும் கைக்கு அடக்கமான ஆக்சிஜன் டப்பாவை நம்பி யாரும் இந்தச் சாலைக்கு வரக் கூடாது. சில நிமிடத்தில் தீர்ந்துபோகும். குழுவின் வண்டியில் ரெகுலேட்டரும் முகமூடியும் பொருத்திய உண்மையான சிலிண்டர் இருக்கிறதா என்று மணாலியிலேயே கண்ணால் பாருங்கள். முள் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பற்றியும் ஒரு சொல். 4,300 மீட்டரில் நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும் எண்பதுகளில்தான் காட்டும். விரல் குளிர்ந்திருந்தால் இன்னும் தப்பாகக் காட்டும். கையைச் சூடாக்கிக்கொண்டு அளந்து, குழுவில் மற்றவர்களோடு ஒப்பிடுங்கள். எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக அறிகுறியைத் தள்ளிவிடாதீர்கள்.

நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது

இதைப் பெரும்பாலும் நோயாளி சொல்ல மாட்டார், கூட வருபவர்தான் கவனிக்க வேண்டும். கையுறையை மாட்டத் தெரியாமல் விழிக்கிறார், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், காரணமில்லாமல் எரிந்து விழுகிறார், கூடாரத்தை விட்டு வரவே மறுக்கிறார். உடனே தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலை முன்பாதத்தின் விரல்நுனியில் ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் வீக்கம். கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், எழாமலே போகலாம். டெக்ஸாமெத்தசோன் (மூளை வீக்கத்தைக் குறைக்கும் மருந்து), ஆக்சிஜன், இறக்கம் மூன்றும் ஒரே சமயத்தில் வேண்டும். மருந்து கொடுக்கத் தெரிந்தவர் குழுவில் யார் என்று முதல் நாளே பெயரோடு தெரிந்துவைத்திருக்க வேண்டும். மருந்து கொடுத்ததும் தெளிந்ததுபோல் தெரியும். அதை நம்பி இறக்கத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

நம் ஊரிலிருந்து போகும் பலருக்கு இந்தி தடுமாறும். வழிகாட்டிகளும் ஓட்டுநர்களும் பெரும்பாலும் குல்லு, லாகௌல், நேபாளப் பக்கத்துக்காரர்கள். பதற்றத்தில் ஆங்கிலம் யாருக்கும் கைகொடுக்காது. சில வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தலை வலிக்கிறது: "சர் மே தர்த் ஹை". தலை சுற்றுகிறது: "சக்கர் ஆ ரஹா ஹை". மூச்சு விட முடியவில்லை: "ஸான்ஸ் நஹீ ஆ ரஹீ". வாந்தி: "உல்ட்டி". கீழே போகணும்: "நீச்சே ஜானா ஹை". கடைசியில் சொன்னது உயிரைக் காப்பாற்றும்.

காலில் வலுவே இல்லை, ஆனால் தலைவலி இல்லை

இரண்டில் ஒன்று. வேகம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தால் அது உயரம். 5,300 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. ஊரில் பவர் மீட்டரில் பார்த்த எண்ணை இங்கே தேடாதீர்கள். பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடியவில்லை என்றால் கியரைக் குறையுங்கள். இந்தச் சாலை ராணுவ லாரிகளுக்காக எல்லைச் சாலை அமைப்பு போட்டது. ஏற்றம் நீளமே தவிர பெரும்பாலும் செங்குத்து கிடையாது. மெதுவாகப் போகத் தயாராக இருப்பவருக்கு இது ஒத்துழைக்கும் சாலை.

திடீரென்று, சுவிட்சை அணைத்ததுபோல் கால் விட்டுப்போனால் அது பசி. கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, அழுகை வருகிற மாதிரி மனநிலை எல்லாம் சேர்ந்து வரும். உயரத்தில் பசி தெரியாது என்பதால் இதில் ஏமாறுகிறோம். பசிக்காக நிற்காமல் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள், அரை மணிக்கு ஒரு முறை ஏதாவது. எனர்ஜி ஜெல் குளிரில் இறுகிப்போகும், நாலாவது நாள் அதைப் பார்த்தாலே குமட்டும். கடலைமிட்டாய், பேரீச்சை, எள்ளுருண்டை இவற்றை நாக்கு மறுப்பதில்லை. கொஞ்சம் கூடவே எடுத்துப் போங்கள், குழுவில் எல்லோரும் கேட்பார்கள். இரவுக்கு டாபாவில் ராஜ்மா சாதம் கிடைத்தால் விடாதீர்கள்.

கை மரத்துப்போகிறது

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் என்றால் ஹேண்டில்பார் உள்ளங்கையின் நரம்பை அழுத்துகிறது. பிடியை மாற்றிக்கொண்டே இருங்கள், சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா பாருங்கள். பத்து விரலும் உதடும் சேர்ந்து சுரீர் என்றால் அது டயமாக்ஸின் வேலை. விரல் வெளுத்து, உணர்வே போய்விட்டால் குளிர். உடனே அக்குளுக்குள் வைத்துச் சூடாக்குங்கள், தேய்க்காதீர்கள், அடுப்பில் காட்டாதீர்கள். குளிரில் மரத்த விரலோடு இறக்கத்தில் இறங்கக் கூடாது, பிரேக் பிடித்ததா இல்லையா என்றே தெரியாது.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு அல்லது கியர் பாரம். பின்பக்கம் என்றால் சீட் உயரம். மூன்று நான்கு மில்லிமீட்டர் மட்டும் மாற்றிப் பாருங்கள். காலையில் முகமும் விரலும் லேசாக உப்பியிருப்பது உயரத்தில் சாதாரணம். கண்ணில் மணல் விழுந்தமாதிரி உறுத்தலும் நீர் வடிதலும் இருந்தால் வெயிலும் பனியும் கண்ணைச் சுட்டிருக்கின்றன. இருட்டில் ஒரு நாள் ஓய்வு, மறுநாள் முதல் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி.

கியர் தானாகத் தாவுகிறது

இனி சைக்கிள். ஊரில் நன்றாக இருந்தது, மணாலியில் பெட்டியைப் பிரித்து மாட்டியதும் பெரிய பல்லில் நிற்காமல் தாவுகிறது என்றால் கேபிளைத் தொடுவதற்கு முன் ஹேங்கரைப் பாருங்கள், அதாவது செயினைப் பல் மாற்றும் டெரெய்லரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் துண்டை. விமானச் சரக்கிலும் டெல்லி–மணாலி பஸ்ஸிலும் அடிபட்டு முதலில் வளைவது அந்தச் சின்ன உலோகத் துண்டுதான். பின்னால் நின்று பார்த்தால் டெரெய்லரின் இரண்டு சக்கரமும் கேசட் (பின்சக்கரப் பல்வரிசை) பல்லோடு ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால், மிக லேசான கியருக்கு, அதாவது பெரிய பல்லுக்கு, மாற்றும்போது டெரெய்லர் ஸ்போக்கில் சிக்கிச் சக்கரத்தையே உடைக்கும். ஏற்றத்தில் நாள் முழுக்க இருக்கப்போவது அந்தக் கியரில்தான். உங்கள் மாடலுக்குப் பொருந்தும் ஹேங்கர் ஒன்றை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். ஹேங்கரில் நூற்றுக்கணக்கான வடிவங்கள் உண்டு, மணாலியில் உங்களுடையது கிடைக்கும் என்று நம்ப முடியாது.

ஹேங்கர் நேராக இருந்தால் அடுத்தது கேபிள். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்குகிறது என்றால் டெரெய்லரில் கேபிள் நுழையும் இடத்துத் திருகை இடப்பக்கம் கால் சுற்று. சிறிய பல்லுக்கு இறங்கத் தயங்குகிறது என்றால் வலப்பக்கம் கால் சுற்று. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஒரு முறை மிதித்துப் பாருங்கள். எல்லை நிறுத்தத் திருகுகளைத் தொடாதீர்கள்.

அழுத்தி மிதிக்கும்போது மட்டும், எந்தக் கியரிலும் நழுவுகிறது என்றால் செயினும் கேசட்டும் தேய்ந்திருக்கின்றன. பயணத்துக்காகச் செயினை மட்டும் புதிதாக மாற்றி, தேய்ந்த கேசட்டை அப்படியே விட்டவர்களுக்கு இது நிச்சயம் வரும். ரோடு பைக்கில் பின்னால் 34 பல் கேசட், முன்னால் 34 பல் இருந்தால் ஏற்றங்களைச் சமாளிக்கலாம். அதைவிடப் பாரமான கியரோடு வருபவர்களுக்கு முழங்கால் பேச ஆரம்பிக்கும்.

செயின் கறகறவென்றால் பெரும்பாலும் புழுதிதான். பனி உருகி வரும் நாலாக்களை (ஓடைகளை) கடந்த பிறகு துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பிறகு மேலே நிற்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வழிய வழிய விட்டால் மோரே சமவெளியின் மணல் முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

நாலாக்களைப் பற்றி இன்னொன்று. காலையில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர், பகலில் மேலே பனி உருகியதும் மாலைக்குள் முழங்காலுக்கு வந்துவிடும். வழிகாட்டி விடிகாலையில் எழுப்பினால் முணுமுணுக்காமல் எழுந்துகொள்ளுங்கள், காரணம் இதுதான்.

டயரில் காற்று நிற்கவில்லை

ட்யூபைக் கழற்றித் துளையைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை என்றால் கல்லில் இடித்து விளிம்பு கிள்ளியது, காற்று போதவில்லை. ஒரே துளை, வெளிப்பக்கம் என்றால் டயருக்குள் கம்பியோ கல்லோ இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது, விரலால் தடவி எடுக்காமல் புது ட்யூப் போட்டால் அதுவும் போகும். துளை உள்பக்கம் என்றால் ரிம் டேப் நகர்ந்திருக்கிறது. சாலை பெரும்பகுதி நல்ல தார்தான், ஆனால் பழுதுபார்க்கும் இடங்களில் சல்லி மட்டும்தான் இருக்கும். 25 மில்லிமீட்டர் டயரோடு வராதீர்கள், 32 போட இடமிருந்தால் அதுவே நல்லது.

கைப்பம்பில் எவ்வளவு அடித்தும் ஏறவில்லை, பம்பு கெட்டுவிட்டது என்று மேலே போனதும் பலர் நினைக்கிறார்கள். பம்பு நன்றாகத்தான் இருக்கும். காற்றே பாதி அடர்த்திதான், ஒரு அடிக்கு உள்ளே போவதும் பாதிதான். ஊரில் நூறு அடி என்றால் இங்கே ஏறத்தாழ இருநூறு. முடிந்தால் வண்டியில் இருக்கும் பெரிய பம்பை வாங்கிக்கொள்ளுங்கள், 5,000 மீட்டரில் அந்த இருநூறு அடியே ஒரு ஏற்றம் ஏறினதுக்குச் சமம்.

உயரத்தில் டயர் வெடிக்கும், காற்றைக் குறைத்துவிடு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் பாருங்கள். மணாலியில் நிரப்பிய டயரை தக்லங் லாவுக்குக் கொண்டுபோனால் வெளிக்காற்று குறைவதால் கூடுவது 4 பி.எஸ்.ஐ. அளவுதான். இருபது டிகிரி குளிர் கூடினால் அதே அளவு குறைந்தும்விடும். தொட வேண்டாம்.

பிரேக் லீவர் ஹேண்டில்வரை வந்துவிடுகிறது

பெட்டியிலோ பஸ் கூரையிலோ தலைகீழாகக் கிடந்துவந்த ஹைட்ராலிக் பிரேக்கில் இது சாதாரணம். தொட்டியில் மேலே இருக்க வேண்டிய காற்றுக் குமிழி குழாய்க்குள் போயிருக்கும். சைக்கிளை நேராக நிறுத்தி, லீவரைத் திரும்பத் திரும்ப அழுத்தி விடுங்கள். முடிந்தால் லீவரை ரப்பரால் கட்டி இரவு முழுக்க வையுங்கள். காலையில் கெட்டிப்பட்டிருந்தால் சரி. இல்லை என்றால் காற்றை எடுக்க வேண்டும், அதை மணாலியில் செய்துகொள்ளுங்கள், ரோதாங் ஏறிய பிறகு யோசிக்காதீர்கள்.

பயண நடுவே வந்தால் முதலில் பிரேக் பேடைப் பாருங்கள். மழைச்சேறு கலந்த ரோதாங் இறக்கம் ஒரு நாளிலேயே பேடைப் பாதி தின்றுவிடும். ஜூலை, ஆகஸ்டில் மணாலிப் பக்கம் பருவமழை, லடாக் பக்கம் வறட்சி. உராயும் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் மாற்றுங்கள். இரண்டு ஜோடி பேட் கூடவே இருக்கட்டும்.

நீண்ட இறக்கத்தில் நடுவே லீவர் மெத்தென்று ஆகி வாசனை வந்தால் சூடு. நின்று ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், ரோட்டரை (பிரேக் தட்டை) தொடாதீர்கள். தக்லங் லாவிலிருந்து உப்ஷி வரை ஏறத்தாழ 1,900 மீட்டர் இறக்கம். பிரேக்கைத் தொடர்ந்து உரசவிடாமல், வளைவுக்கு முன் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்து விட்டுவிட வேண்டும். கார்பன் ரிம் பிரேக் சக்கரங்களோடு இந்தப் பாதைக்கு வருவதை நான் ஆதரிக்கவே மாட்டேன். சூட்டில் ரிம்மே விட்டுப்போகும்.

இறக்கத்தில் முன்சக்கரம் ஆடுகிறது

பிடியை இறுக்கினால் ஆட்டம் கூடும். இரண்டு முழங்காலாலும் டாப் ட்யூபை (சட்டத்தின் மேல்குழாயை) அணையுங்கள், கையைத் தளர்த்துங்கள், உடம்பைக் கொஞ்சம் தூக்குங்கள், பின்பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். நின்ற பிறகு முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். டக் டக் என்றால் ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) தளர்வு, ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெமின் பக்கத் திருகுகளைத் தளர்த்தி மேல்திருகைச் சற்று முடுக்கி மறுபடி பக்கத் திருகுகளை இறுக்க வேண்டும். தளர்வு இல்லை என்றால் உங்கள் நடுக்கமாக இருக்கலாம். குளிரில் உடம்பு உதறினாலும் ஹேண்டில் ஆடும். உச்சியில் ஏறிய வியர்வை ஈரத்தோடு அப்படியே இறங்கக் கூடாது. உள்சட்டையை மாற்றி, காற்றுப் புகாத சட்டையை மாட்டிக்கொண்ட பிறகுதான் இறக்கம். உச்சியில் படம் எடுக்கப் பத்து நிமிடம் போதும், 5,328 மீட்டரில் அரை மணி நின்றவர்கள் இறங்கும்போது தலைவலியோடுதான் இறங்குகிறார்கள்.

வண்டியைக் காணவில்லை, போனும் வேலை செய்யவில்லை

லடாக்குக்குள் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் ஜிஸ்பா தாண்டினால் உப்ஷி நெருங்கும் வரை சிக்னலை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஒவ்வொரு காலையும் வழிகாட்டியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வண்டி இன்று எந்தெந்த இடத்தில் நிற்கும், நான் எத்தனை மணிக்குள் அங்கே வராவிட்டால் திரும்பி வருவீர்கள். வழி தவறிவிட்டோமோ என்று தோன்றினால் சாலையை விட்டு நகராதீர்கள். ஒரே சாலைதான், லாரிக்காரர்கள் நல்லவர்கள், கைகாட்டினால் நிற்பார்கள். மோரே சமவெளியில் மட்டும் மதியத்துக்குப் பின் எதிர்காற்று கிளம்பும். அங்கே தனியாகப் பின்தங்காமல் யாராவது ஒருவர் முதுகுக்குப் பின்னால் மிதியுங்கள்.

கர்துங் லா நாளன்று மட்டும் முடியவில்லை

லேவில் ஒரு நாள் முழு ஓய்வு எடுத்திருந்தால் இது வரக் கூடாது. வந்தால் பெரும்பாலும் ஆசைதான் காரணம், முதல் பாதியில் வேகமாகப் போயிருப்பீர்கள். 39 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,850 மீட்டர் ஏற்றம். சவுத் புல்லு சோதனைச் சாவடி வரை இன்னும் மெதுவாகவே போயிருக்கலாம் என்று தோன்றுகிற வேகத்தில் போங்கள், அதற்கு மேல்தான் காற்று இன்னும் மெலியும். சாவடியில் உட்கார்ந்து சூடாக ஏதாவது சாப்பிட்டு, மேலே சொன்ன தலைவலிச் சோதனையையும் கோட்டில் நடக்கும் சோதனையையும் ஒரு முறை செய்துகொள்ளுங்கள். இரண்டும் சரி என்றால் போகலாம். ஒன்று தவறினாலும் அங்கேயே திரும்பிவிடுங்கள். இங்கே திரும்பும் வழி முழுக்க இறக்கம், ஒரு மணி நேரத்தில் லே.